கத்துக்குட்டி வேலை

“எவனோ கத்துக்குட்டி பிரிச்சு ஒட்டியிருக்கான் ஐயா” என்றாள் பைண்டிங் கடைக்காரி, புத்தகத்தின் தோல் முதுகைக் கத்தி முனையால் நெம்பிக்கொண்டே.

வக்கீலுக்குச் சுருக்கென்றது. அந்தக் கத்துக்குட்டி அவரேதான்.

மொத்தம் ஒன்பது தொகுதிகள். நூறு வருஷத்துக்கு முந்தையவை. அன்றைய ஆட்சியைக் கிழிகிழியென்று கிழித்த கட்டுரைகள். எழுதியவர் பேர் எங்கேயும் கிடையாது; போட்டிருந்தால் கழுத்துக்குக் கயிறு வந்திருக்கும்.

ஆட்சி ஒழிந்தபின் முதல் தொகுதி வக்கீலின் கொள்ளுத்தாத்தா அலமாரியில் கிடைத்தது. போதாதா? எழுதியவர் அவர்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு அவர் பேர், முச்சந்தியில் அவர் சிலை.

மீதி எட்டையும் வக்கீல் இருபது வருஷம் நாயாய் அலைந்து சேர்த்தார். நாளை அவற்றை நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறார்கள். இன்றைக்கென்று பார்த்து ஒன்றின் முதுகு பெயர்ந்துகொண்டது.

ஒன்பதையும் தைத்தது இவளுடைய கொள்ளுத்தாத்தா, இதே கடையில். அந்தப் பெருமையிலேயே வக்கீலைக் கண்டால் எழுந்து நிற்பாள், பாவம்.

“தைச்சவங்க பேரை ஒரு சீட்டுல எழுதி முதுகுக்குள்ள வச்சுத்தான் ஐயா நாங்க ஒட்டுவோம். இதுல தாத்தா சீட்டையே காணோம். நாசமாப் போறவன், எடுத்துட்டான் போல.”

வக்கீல் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். முச்சந்திச் சிலை கண்முன்னே வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டார். வெட்கமாக இருந்தது.

அவள் ஒரு புதுச் சீட்டு எழுதி அவரிடம் காட்டினாள். ‘எழுதியவர் வக்கீல் ஐயாவின் கொள்ளுத்தாத்தா. தைத்தவர் என் கொள்ளுத்தாத்தா.’

சரிதானே என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தாள்.

வக்கீல் தலையாட்டினார்.

அவள் சீட்டை உள்ளே வைத்து, பசை தடவி, முதுகை இரண்டு கையாலும் அழுத்தி ஒட்டினாள்.

வக்கீலின் சட்டைப் பையில் ஒன்பது பழுப்புச் சீட்டுகள் இருந்தன. அவளிடம் கொடுத்துவிடத்தான் காலையில் எடுத்துவந்தார். முதல் சீட்டு எப்போதோ தானாக உதிர்ந்து விழுந்தது. அது ஒன்று மட்டும் பொய்யாக இருந்துவிடாதா என்ற நப்பாசையில்தான் மீதி எட்டு முதுகையும் பிரித்தார்.

ஒன்பதிலும் அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் பேர். பேருக்கு மேலே ஒரே வரி:

‘எழுதியதும் நானே, தைத்ததும் நானே.’