கதை கேட்டவர்

“படத்துல யாரு செத்தாலும் அழுறீங்களே அப்பா, ஞானமுத்து தாத்தா செத்தப்போ ஏன் அழல?” என்று ஷெரின் ஒருமுறை கேட்டாள்.

ஆண்டின் கடைசி நாளில், ரசித்த புத்தகங்களையும் பாட்டுகளையும் படங்களையும் நினைத்துப் பார்த்த செல்வினுக்கு அந்தக் கேள்விதான் முன்னால் வந்து நின்றது. அவன் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வரும் புத்தகப் பார்சல்களை எதிர்வீட்டு ஞானமுத்துதான் வாங்கி வைப்பார். மழையில் நனைந்திருந்தால் தோள்துண்டால் துடைத்துக் கொடுப்பார்.

“இதுல என்ன கதை தம்பி? கண்ணு தெரிஞ்சா நானே படிச்சிருவேன்.”

“அப்புறம் சொல்றேன் அண்ணாச்சி.”

“அப்புறம்னா, நான் மேல போன பிறகா?” என்று சிரிப்பார்.

மறுநாள் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் மனைவியையும் மகளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, செல்வின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனான். அங்கே யாருமில்லை. ஞானமுத்துவின் கல்லறைமேல் கிடந்த சருகுகளைக் கையால் தள்ளிவிட்டு அருகில் உட்கார்ந்தான்.

“ஒரு படகுக்காரன் இருந்தான் அண்ணாச்சி. அவனுக்குத் தண்ணின்னா பயம்.”

அவர் சிரித்திருக்கக்கூடிய இடம் வந்தபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. வெகுநேரம் அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மீதிக் கதையையும் சொல்லி முடித்தான்.