வலிக்கவே இல்ல மதினி

"இப்ப வேண்டாம். உங்கம்மா வந்துட்டுப் போகட்டும்."

நீட்டிய மாத்திரையைக் கையால் விலக்கிவிட்டு பஞ்சம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாத்திரையும் தண்ணீர்ச் சொம்புமாக ஓவியா அப்படியே நின்றாள். மாமியாரின் கணக்கு அவளுக்கு நன்றாகவே புரிந்தது. சம்பந்தி வருகிற நேரத்தில் வலியில் துடிக்க வேண்டும். மருமகள் மாத்திரைகூடத் தருவதில்லை என்று மூக்கைச் சிந்த வேண்டும்.

முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்து மாமியார் வீட்டுக்கு வந்ததிலிருந்து விஸ்வநத்தத்தில் ஓவியாவின் பெயர் கெட்டுக் கிடந்தது. வலி மாத்திரை போட்டு, அது வேலை செய்ததும் காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்க வேண்டும், விட்டால் முட்டி இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஓவியா காலைத் தொட்டதுமே "கொல்றாளே, என்னையக் கொல்றாளே" என்று பஞ்சம்மாள் போடும் கூப்பாடு தெருமுனை வரை கேட்கும். தண்ணீர் பிடிக்கப் போனால் ஓவியாவைப் பார்த்ததும் பெண்கள் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள்.

சீசன் நேரத்தில் பட்டாசுக் கம்பெனிக்கு லீவு போட்டு, வேளாவேளைக்கு ஐஸ் ஒத்தடம் கொடுத்துப் பார்த்துக்கொண்டதற்குக் கிடைத்தது கொடுமைக்காரிப் பட்டம். புருஷன் முனியராஜிடம் சொன்னால், அம்மா குணம் தெரிஞ்சதுதானே என்று லோடு ஏற்றப் போய்விடுகிறான்.

மனசு பொறுக்காமல் அம்மாவிடம்தான் போனில் எல்லாவற்றையும் கொட்டினாள். நானே நேரில் வந்து பார்க்கிறேன் என்று மாடத்தி சொல்லிவிட்டாள். நீயாவது வந்து என் நிலைமையைப் பார் என்றுதான் ஓவியாவும் காத்திருந்தாள்.

ஆமத்தூரிலிருந்து வந்த மாடத்தி, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு படியில் ஏறும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏத்தா, இந்த வாக்கரைக் கொண்டு போயி அடுப்படியில வையி."

ஓவியா விழித்தாள். பஞ்சம்மாள் சுவரைப் பிடித்தபடி தானே நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. முகத்தில் மட்டும் கல்யாண வீட்டுச் சிரிப்பு.

"வாங்க மதினி. பஸ்ஸுல உக்கார இடம் கெடச்சுச்சா?"

மாடத்தி அதற்குப் பதில் சொல்லாமல் வலியைப் பற்றியே கேட்டாள். தையல் பிரிக்கும்போது எப்படி இருந்தது, ராத்திரி தூக்கம் வருகிறதா, மடக்கும்போது உயிர் போகுமாமே என்று ஒன்று விடாமல் கேட்டாள். நான் போனில் சொன்னதெல்லாம் நிஜமா என்று அம்மா விசாரணை நடத்துகிறாள் என்று ஓவியா நினைத்தாள். நடக்கட்டும், உண்மை வெளியே வரட்டும்.

"வலியா? அதெல்லாம் ஆஸ்பத்திரியோட போச்சு. இப்ப வலிக்கவே இல்ல மதினி. படுத்தாத் தூங்கிருறேன். இந்தா பாருங்க."

யாரையும் தொடவிடாத அந்தக் காலை பஞ்சம்மாள் தானாகவே மடக்கினாள். நீட்டினாள். இன்னொரு தடவையும் மடக்கினாள்.

மாடத்தி மெல்ல மகள் பக்கம் திரும்பினாள். "அப்ப, கத்திக் கூப்பாடு போடுறாகன்னு இவ சொன்னது?"

"சின்னப் புள்ளதான. நான் லேசா முக்குனாலும் பயந்துருவா."

ஓவியாவுக்குக் காது சுட்டது. வாயைத் திறந்தால் சண்டையாகிவிடும் என்று காபி போட உள்ளே போய்விட்டாள்.

பஸ் ஏற்றிவிடப் போன இடத்தில் மாடத்தி அவளை ஒரு பிடி பிடித்தாள். அந்த மனுஷி சிரித்த முகமாக இருக்கிறாள், அவளைப் பற்றிப் போனில் என்னவெல்லாம் அளந்தாய், இதற்கா உன்னை வளர்த்தேன் என்று கேட்டாள். பெற்ற தாயே நம்பவில்லை என்றால் இனி யாரிடம் போய்ச் சொல்வது?

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று ஓவியா வீட்டுக்குத் திரும்பினாள்.

கட்டிலில் பஞ்சம்மாள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். முட்டி வீங்கியிருந்தது. மாத்திரையைத் தா என்று கையை மட்டும் நீட்டினாள்.

ஓவியா கொடுத்தாள். ஐஸையும் எடுத்து வந்து முட்டியில் வைத்தாள். ஆனால் அடக்க முடியவில்லை.

"எங்கம்மா முன்னால என்னைய எதுக்குப் பொய்க்காரி ஆக்குனீக? உங்களுக்கு நான் என்ன கொறை வச்சேன் அத்தை?" என்று கேட்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பஞ்சம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"ஒரு கொறையும் வைக்கல. அந்த மாத்திரையப் போட்டா கண்ணு சொருகி நாக்கு கொளறுது. அப்புறம் உங்கம்மாட்ட எப்படிப் பேசுறது? என்னைய மாதிரிதான அவுகளும் காலமெல்லாம் சம்மணம் போட்டுச் சரவெடி பின்னுனது. ரெண்டு முட்டியும் போயி, ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டாராம். பயந்துக்கிட்டு, ஒங்களப் பாத்துட்டுத்தான் முடிவெடுப்பேன்னு எனக்குப் போன் போட்டாக. உன்ட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டாக."

ஓவியாவின் கை ஐஸோடு அப்படியே நின்றது.

"நீ காபி போடப் போனப்ப ஆபரேஷனுக்குச் சரின்னு தலையாட்டிட்டாக. ஆமத்தூருல அவுகளப் பாத்துக்கிட யாரு இருக்கா? ஆபரேஷன் முடிஞ்சதும் நேரா இங்கன கூட்டிட்டு வந்துரு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல படுத்துச் சேந்தே கத்திக்கிடுறோம்."