கழன்ற நட்டு

"நீங்க மனிசனா? பக்கத்து வீட்டுப் புள்ள நோவுல கத்துது. கெப் ஸ்டார்ட் ஆகல்ல எண்டு கதை சொல்லிட்டு நிண்டீங்களே!"

மஸாஹிர் போட்ட சத்தத்தில், அஸர் தொழுதுவிட்டு வந்தவர்களெல்லாம் முத்தலிபின் வாசலில் கூடிவிட்டார்கள்.

"அல்லாஹ்மேல சத்தியமா ஸ்டார்ட் ஆகல்ல மஸாஹிர் நானா," என்றான் முத்தலிபு. இந்தக் கிழமை முழுக்க அவன் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரு கிழமைக்கு முன்பு, விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு முந்தி மஸாஹிரின் மகள் மபாஸாவுக்குப் பிரசவ நோவு கண்டது. அவர்கள் குடியிருக்கும் ஒழுங்கையில் இருந்த ஒரே வாகனம் முத்தலிபு மரக்கறி ஏற்றும் பழைய கெப்தான். அது அசையவில்லை. எங்கிருந்தோ ஒரு த்ரீவீலரைப் பிடித்துப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வயிற்றுப் பிள்ளை மௌத்து; உயிரில்லாமல்தான் பிறந்தது.

இரண்டு வீட்டுக்கும் வேலிச் சண்டை இருந்தது. அதை இதோடு முடிச்சுப்போட ஊருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

பள்ளிவாசல் பொறுப்பாளரான மரைக்கார் கையை உயர்த்தினார். "சத்தியம் பண்ணி வேலையில்ல. பதுர்தீனக் கூப்பிடுங்க. வாகன விசயத்துல அவர் சொல்றதுதான் சொல்."

சந்தியில் கராஜ் வைத்திருக்கும் பதுர்தீன் வந்தான். ஐந்து நேரமும் முன்வரிசையில் தொழுகிறவன். ஊரில் அவன் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

அவனைக் கண்டதும் முத்தலிபுக்கு உயிர் வந்தது. "நீயே பாத்துச் சொல்லு மச்சான். அண்டைக்கி நிண்ட மாதிரியே நிக்கிது. நான் கைவைக்கல்ல."

"சாவியத் திருப்பு."

திருப்பினான். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"பெட்டரி செத்திருக்கும்," என்றார் யாரோ.

"லைட்டப் போடு. ஹோர்ன அடி."

லைட் பளிச்சென்று எரிந்தது. ஹோர்ன் ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

"பெட்டரி நல்லாத்தான் இருக்கு," என்றான் பதுர்தீன். "ஸ்டார்ட்டர் பிரஷ் தேஞ்சிருந்தா ஒரு தட்டுத் தட்டினா இழுக்கும். பாப்பம்."

சுத்தியலோடு கெப்புக்கு அடியில் படுத்துத் தட்டினான். முத்தலிபு சாவியைத் திருப்பினான். மறுபடியும் 'டிக்'.

பிறகு டோர்ச் வெளிச்சம் ஓரிடத்திலேயே நின்றது.

"என்ன பதுர்தீன்? கண்டுட்டியா?" முத்தலிபு குனிந்து கேட்டான்.

ஸ்பேனர் திரும்பும் சத்தம் கேட்டது.

"இப்ப திருப்பு."

திருப்பிய உடனே கெப் உறுமிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது.

பதுர்தீன் வெளியே வந்தான். முகம் வெளிறியிருந்தது. சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டக்கூட இல்லை.

"என்ன பிழை?" என்றார் மரைக்கார்.

"பெட்டரியில இருந்து ஸ்டார்ட்டருக்கு வாற தடிச்ச வயர்... அதுட நட்டு கழண்டு இருந்திச்சி."

"தானாக் கழண்டிச்சா? ஆராச்சும் கழட்டினதா?" மஸாஹிர் முன்னால் வந்தார்.

பதுர்தீன் முத்தலிபைப் பார்த்தான். முத்தலிபு நம்பிக்கையோடு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதிலிருந்து கூட்டாளிகள்.

"சொல்லுங்க பதுர்தீன். அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்லுங்க."

பதுர்தீன் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தான்.

"முறுக்கின நட்டு... தானாக் கழலாது."



"கேட்டீங்களா எல்லாரும்?" மஸாஹிரின் குரல் உடைந்தது. "ஒரு சாண் வேலிக்காக எண்ட பேரப்புள்ளயச் சாவடிச்சிட்டான்!"

"நான் கழட்டல்ல! மச்சான், நான் கழட்டல்ல எண்டு சொல்லேன்டா!" முத்தலிபு பதுர்தீனின் கையைப் பிடித்து உலுக்கினான். பதுர்தீன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டான்.

மரைக்கார் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஒருவரும் முத்தலிபுக்கு ஸலாம் சொல்லவில்லை.

கதவு மறைவில் நின்றிருந்த அவன் மனைவி ஃபஹ்மியா வெளியே வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"எனக்கிட்டயாச்சும் உண்மையச் சொல்லுங்க. நீங்களா கழட்டினீங்க?"

முத்தலிபு ஓடிக்கொண்டிருந்த கெப்பின் பக்கத்தில் அப்படியே மண்ணில் குந்திவிட்டான்.

ஒழுங்கை முனையில் மஸாஹிர், பதுர்தீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். "கூட்டாளி எண்டும் பாக்காம உள்ளதச் சொன்னீங்களே. ஈமான் உள்ள மனிசன் நீங்க."

பதுர்தீன் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கராஜை நோக்கி வேகமாக நடந்தான்.

போன மாதம் முத்தலிபின் கெப்புக்குக் கிளச் பிளேட் மாற்றும்போது ஸ்டார்ட்டரையும் கழற்றிப் பூட்டியவன் அவன்தான். ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று அந்த நட்டை விரலால் சுற்றிவிட்டு, ஸ்பேனரால் முறுக்காமல் எழும்பிப் போனவனும் அவன்தான்.