எந்த விதி?

அங்கயற்கண்ணி நிர்வகிக்கும் இணையக் குழுமத்தில் ஒரு பதிவை நீக்கினால், எந்த விதிப்படி என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதியாக வேண்டும். யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபித்து ஆட்சேபித்தே, ஆளுக்கொரு குழுமம் தொடங்கிப் போய்விட்டார்கள். மிஞ்சியது எட்வின் ஒருவர்தான். முன்பெல்லாம் ஒவ்வொரு நீக்கத்துக்கும் அவளை வறுத்தெடுத்தவர், இப்போது வாயே திறப்பதில்லை. இன்று ஒரு படம் மட்டும் போட்டிருந்தார்: மொட்டைமாடிக் கொடியில், மழையில் நனையும் ஒற்றைச் சட்டை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நீக்கினாள். ‘விதிமீறல்’ என்று மட்டும் எழுதினாள்; எந்த விதி என்று வேண்டுமென்றே சொல்லவில்லை. தேநீர் ஆறி ஆடை படிந்த பிறகு பதில் வந்தது.

“எந்த விதிங்க? அநியாயமா இருக்கே! அவசரமில்ல, நிதானமாவே சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கேன்.”