கண்ணாடி இல்லாத கேமரா

பாப்பாவின் பழைய பனியனால் நான் பளபளவென்று துடைத்துக்கொண்டிருந்த கேமரா, செத்து ஒரு வருஷமாகிறது.

செத்ததை எதற்குத் துடைக்கிறாய் என்று கேட்பீர்கள். ஊரை ஏமாற்றத்தான்.

என் வீட்டுக்காரர் உத்தமன் பெங்களூர் தொம்மலூரில் கல்யாண போட்டோ எடுப்பவர். பெரிய கேமரா படுத்துவிட்டதும், கைக்கு அடக்கமாகப் புதுசு ஒன்று வாங்கினார். வாங்கின அன்றைக்கு ஒரே பெருமை.

"பாரு, வெயிட்டே இல்ல. சத்தமே வராது. ஆளோட கண்ணு எங்க இருக்குன்னு அதுவே தேடிப் புடிச்சுக்கும். உள்ள கண்ணாடி கிடையாது, அதான் இவ்ளோ சின்னது."

"கண்ணாடிய எடுத்துட்டுக் குடுத்ததுக்கா விலை ஜாஸ்தி?"

"உனக்குப் புரியாது, விடு."

எனக்குப் புரியாதது இருக்கட்டும். கல்யாண வீட்டுக்காரர்களுக்கும் புரியவில்லையே! ஒரு வீட்டில், "போட்டோகிராபர் எப்ப வருவாரு?" என்று அவரிடமே கேட்டார்கள். இன்னொரு வீட்டில், "தம்பி, ஸ்வல்ப... கொஞ்சம் தள்ளிக்கோ, கேமராக்காரர் வந்தா மறைக்கும்" என்று மேடையைவிட்டே இறக்கிவிட்டார்கள்.

அப்புறம்தான் இந்த ஏற்பாடு. செத்த கேமரா நீள லென்ஸோடு அவர் கழுத்தில் தொங்கும். மேலே தனி பேட்டரியில் ஓடுகிற ஃப்ளாஷை மட்டும் விரலால் தட்டிவிடுவார். எல்லோரும் அதைப் பார்த்துப் பல்லைக் காட்டுவார்கள். அவர் தோளை ஒட்டி நின்று நான் சின்னதில் எடுப்பேன்.

கூட்டம் என்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்த வேலைக்கு அதுவே தோதாக இருந்தது. என்னையும் யாரும் பார்க்க மாட்டார்கள், என் கையில் இருக்கிறதையும் பார்க்க மாட்டார்கள்.

அன்றைக்கு ஒக்கலிபுரத்தில் ரக்ஷிதா என்கிற பெண்ணுக்கு ரிசப்ஷன். பாப்பாவைப் பக்கத்து வீட்டு நோராக்காவிடம் விட்டுவிட்டுப் போனோம்.

பெண்ணின் தாய்மாமன் வெங்கடசாமிதான் அங்கே எல்லாம். பட்டு ஜிப்பா, கையில் மைக். பெரிய கேமராவைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"இது கேமரா! போன கல்யாணத்துல ஒருத்தன் சோப்பு டப்பா மாதிரி ஒண்ணைத் தூக்கிட்டு வந்தான். துரத்திவிட்டுட்டேன்."

நான் சோப்பு டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"தாய்மாமன் சீர்! தங்கச் செயின்!" என்று மைக்கில் அவரே அறிவித்தார். சிவப்பு நகைப் பெட்டியைத் திறந்து கூட்டத்துக்குக் காட்டி, மூடி, பெண்ணின் கையில் வைத்தார்.

"சரியா எடு குரு. பெட்டி தெரியணும்" என்றார் என் வீட்டுக்காரரிடம்.

ஃப்ளாஷ் வெட்டியது. கூட்டம் கை தட்டியது. அடுத்த சொந்தக்காரர்கள் திமுதிமுவென்று மேடையில் ஏறினார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் நான் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே மறந்துபோனேன்; கேமரா அது பாட்டுக்குப் படமாக எடுத்துத் தள்ளியது.

கொஞ்ச நேரம் கழித்து வெங்கடசாமி மேடைக்குப் பின்னால் வந்தார்.

"எங்க, என் போட்டோவைக் காட்டு."

என் வீட்டுக்காரர் முழிப்பதற்குள் வெங்கடசாமியே பெரிய கேமராவை அவர் கழுத்திலிருந்து கழற்றி, கண்ட பொத்தானையெல்லாம் அமுக்கினார். திரை இருட்டாகவே இருந்தது.

"யோவ், இதுல உயிரே இல்லையேய்யா!"

"சார், அது வந்து... படமெல்லாம் வேற கேமராவுல..."

"உத்தமன்னு பேரு வேற! எடுக்கிற மாதிரி பாவ்லா காட்டி ஏமாத்துறியா? அவ வாழ்க்கையில ஒரே ஒரு நாளுய்யா இது! மனசாட்சி வேணாம்? இரு, மைக்குல சொல்றேன். இனிமே பெங்களூர்ல ஒருத்தன் உன்னைக் கூப்பிடக் கூடாது."

என் வீட்டுக்காரருக்குத் தலை தொங்கிவிட்டது. அந்த மைக்கில் அவர் பேர் வந்தால், அதோடு எங்கள் பிழைப்பு போச்சு.

நான் சின்னக் கேமராவை நீட்டினேன்.

"அண்ணே, உங்க படம்... இதுல இருக்கு."

குட்டித் திரையில் அவர், பெண், நடுவில் சிவப்புப் பெட்டி. மூன்றும் பளிச்சென்று இருந்தன.

"ம்... பரவால்லயே."

அடுத்ததை அமுக்கினேன். பெண் திரும்பி யாரையோ கும்பிடுகிறாள், பெட்டி மறுபடி அவர் கையில்.

அடுத்தது. பெட்டி பாதி ஜிப்பாப் பைக்குள்.

அடுத்தது. முழுசும் உள்ளே.

சத்தியமாக நான் வேண்டுமென்று அமுக்கவில்லை.

வெங்கடசாமியின் கை தானாகப் போய்ப் பையைத் தொட்டது. "கூட்டம் ஜாஸ்தி பாரும்மா... பத்திரமா இருக்கட்டுமேன்னு..." என்று இழுத்தார்.

பிறகு பெரிய கேமராவைத் தன் அங்கவஸ்திரத்தாலேயே துடைத்து, என் வீட்டுக்காரர் கழுத்தில் மாட்டிவிட்டார்.

"அடுத்த மாசம் என் பேத்திக்குக் காதுகுத்து. நீங்கதான் வரணும் தம்பி. ஆனா அந்தச் சின்னது வேணாம். இந்தப் பெரிய கேமரா மட்டும் போதும்."

என் வீட்டுக்காரர் இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மேடையிலிருந்து ரக்ஷிதா கூப்பிட்டாள்.

"போட்டோ அக்கா! மாமா செயின் குடுத்தப்ப நீங்கதானே எடுத்தீங்க? அந்தப் பெட்டி எங்க போச்சுன்னே தெரியல, அம்மாகிட்டயும் இல்லையாம். கொஞ்சம் அந்தப் படத்தைக் காட்டுங்களேன்!"

வெங்கடசாமி என்னைப் பார்த்தார். "இதோ வரேன்மா" என்று நான் சின்னக் கேமராவோடு படியேற, அவர் ஜிப்பாப் பையிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார்.