வழிந்த வால்

படங்களுக்குச் சட்டம் போடும் அவனைத் தெருவே கோணல் என்றுதான் கூப்பிடும். சின்ன வயதில் அவன் இழுத்த கோடு ஒன்றுகூட நேராக வராததால் அக்கா வைத்த பெயர். யாராவது அவன் வேலையைப் பாராட்ட வாயெடுத்தால், "மூஞ்சியே கோணல், கை மட்டும் நேராவா இருக்கும்?" என்று அவனே முந்திக்கொண்டு சிரித்துவிடுவான்.

அப்பேர்ப்பட்டவன் திருட்டில் இறங்கியிருந்தான்.

டாக்டர் ஒருவர் சட்டம் மாற்றக் கொடுத்த பஞ்சவர்ணக்கிளி. அந்தக் காலத்தில் அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டிய படம். கோணல் அதற்கு ஒரு நகல் செய்தான். எங்கே கோணிவிடுமோ என்ற பயத்தில், அசலைப் பார்த்ததைவிடத் தன் தூரிகை நுனியைப் பார்த்ததுதான் அதிகம்.

நகல் டாக்டருக்கு, அசல் அன்றைக்கே வரப்போகும் பழம்பொருள் தரகருக்கு. அப்புறம் கடையை மூடிவிட்டு, அக்காவின் வாய்க்கு எட்டாத ஊராகப் பார்த்துப் போய்விட வேண்டும். தரகர் மட்டும் பொல்லாதவர். போலியை நீட்டியவன் எவனும் முழுசாக வீடு போனதில்லை.

இரண்டுக்கும் ஒரே மாதிரி சட்டம் போட்டு, பின்பக்கம் ஒட்டியாயிற்று. அசல் மேசைக்கு இடப்பக்கம், நகல் வலப்பக்கம். இதைக்கூடவா மறப்போம் என்று டீ குடிக்கப் போனான்.

திரும்பினால், அக்கா இரண்டையும் துடைத்துச் சுவரோரம் சாய்த்திருந்தாள்.

"எது எந்தப் பக்கம் இருந்துச்சுக்கா?"

"யாருக்குத் தெரியும்? ரெண்டும் கிளிதானே. அதோ, டாக்டர் கார் வந்தாச்சு."

பிரித்துப் பார்க்க நேரமில்லை. கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்தான். ஒரு கிளி படுசுத்தம். மற்றதன் வாலில் சிவப்பு மயிரிழை அளவு கோட்டைத் தாண்டியிருந்தது.

அக்காவும் எட்டிப் பார்த்தாள். "ஒண்ணு நீ பழகறதுக்கு வரைஞ்சதுன்னியே. இதோ வழிஞ்சிருக்கே, இதுதான்டா உன்னோடது. இதுல என்ன சந்தேகம்?"

கோணலுக்கும் சந்தேகமில்லை. பிறந்ததிலிருந்து முதல்முறையாக அக்காவின் வாயை மனசுக்குள் வாழ்த்தினான். சுத்தமான கிளியைப் பரணில் ஏற்றிவிட்டு, வழிந்த வாலை டாக்டரிடம் நீட்டினான்.

டாக்டர் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். தலையிலிருந்து மெதுவாக இறங்கிய கண்ணாடி வாலில் நின்றுவிட்டது.

"சிவப்பு கோட்டைத் தாண்டியிருக்கு."

"பழைய படம் சார். ஈரம் கீரம் பட்டிருக்கும்."

"ஈரமெல்லாம் இல்ல. அப்பல்லாம் கூலிக்கு ஆள் வெச்சு வண்ணம் பூசுவாங்க. அவசரத்துல வழிஞ்சுடும். எங்கப்பா இந்த வாலைக் காட்டிக் காட்டிச் சிரிப்பார். நீங்க படத்தையே மாத்திடுவீங்களோன்னு பயந்துகிட்டேதான் கொடுத்தேன், தப்பா எடுத்துக்காதீங்க. வாலைப் பார்த்ததும்தான் உயிர் வந்துச்சு."

டாக்டரின் கார் நகர்ந்தது. அதே இடத்தில் தரகரின் கார் வந்து நின்றது.

பரண்மேல், கோணல் தன் ஆயுளிலேயே முதன்முதலாகக் கோடு தாண்டாமல் வரைந்த படம், அவனுக்கு அடி வாங்கித் தரக் காத்திருந்தது.