எங்கே என்று காட்டச் சொன்னார்

மனைவி இறந்த பிறகு, நாங்கள் சேர்ந்து போவதாக இருந்த தீவுக்கு நான் மட்டும் போனேன்.

"தண்ணிக்குள்ள பேச முடியாது சார். ஏதாச்சும் சரியில்லன்னா கைய இப்படி ஆட்டுங்க, எங்கன்னு தொட்டுக் காட்டுங்க," என்றார் ஸ்கூபா பயிற்சியாளர் ஜெரால்டு. "மீனுக்கு டாட்டா காட்டி என்னப் பதற வைக்காதீங்க."

பவளப்பாறையருகே என் கை, அவர் காட்டியபடியே, தானாக ஆடியது. அவர் என் முகமூடியை அழுத்திப் பார்த்தார். காற்றின் அளவைப் பார்த்தார். தன் காதைத் தொட்டுக் கேட்டார். இல்லையெனத் தலையசைத்தேன். எங்கே என்று காட்டச் சொல்லிப் பொறுமையாகக் காத்திருந்தார். எதைத் தொடுவதென்று எனக்குத் தெரியவில்லை.

மேலே கூட்டிவந்து, என் வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டார்.

"என்ன சார் பண்ணுது?"

"ஒண்ணுமில்ல," என்றேன். வீட்டிலும் அலுவலகத்திலும் அப்படித்தான் சொல்லி வருகிறேன்.

"அப்ப கரைக்குப் போயிரலாமா?"

"வேண்டாம். இன்னொரு தடவ இறங்கலாம்."